பதினேழிலிருந்து ஒன்றுக்கு

"மணி ஆச்சுடா மேஸ்திரி," என்றாள் என் மனைவி.

சொல்லிவிட்டு, ஆறிப்போன டீயை எடுத்துக்கொண்டு சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்தாள். எங்கள் மகள் எழுந்து பல் தேய்த்து, முகம் கழுவி, பையைக் குறுக்காக மாட்டிக்கொண்டு, இடது கையால் ஷூவின் ஒட்டுப்பட்டையை இழுத்து ஒட்டினாள். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைத் தொட்டுப் பார்த்தாள். கதவைச் சாத்திக்கொண்டு வேலைக்குப் போனாள். கால் மணி நேரம் கழித்து நானும் போனேன். எனக்கும் மணி ஆனது சொல்லப்பட்டிருந்தது. மகளுக்கு ஒரு தடவை, எனக்கு மூன்று தடவை.

"குடை," என்றாள் நான் படியிறங்கும்போது. எடுத்துக்கொண்டேன். அன்று மழை வரவில்லை. பதினொன்றரைக்குப் பக்கத்து வீட்டு அம்மா அலுவலகத்துக்குப் போன் செய்தார். நான் போய்ச் சேர்ந்தபோது ஸ்டூல் சாய்ந்து கிடந்தது. இதயம் என்றார் டாக்டர். எத்தனை மணிக்கு என்று கேட்டேன். அது எதற்கு உங்களுக்கு என்பதுபோல் பார்த்தார். எங்கள் வீட்டில் மணி சொல்வது அவள் வேலை. அதனால் கேட்டேன்.

மகளுக்கு அப்போது இருபது வயது முடிந்து ஏழு மாதம். பிறக்கும்போது மூளைக்குப் போதிய காற்று போகவில்லை. வலது கை மடங்கியே இருக்கும். ஒரு காலை இழுத்து நடப்பாள். பேச்சு மெதுவாக வரும். ஐந்துக்கு மேல் எண்ணச் சொன்னால் "நிறைய" என்று முடித்துவிடுவாள். ஆனால் அடுத்தவர் வேலையில் குறை கண்டுபிடிப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. டம்ளர் மேசையின் ஓரத்தில் இருந்தால் "தள்ளு" என்பாள். காலண்டர் அரை விரல் சாய்ந்திருந்தால் "கோணல்" என்பாள். ஒரு செங்கலும் தூக்காமல் சுவரைக் குறை சொல்கிறவள் என்று என் மனைவி அவளுக்கு மேஸ்திரி என்று பெயர் வைத்தாள். சிறப்புப் பள்ளியிலும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது.

அந்தப் பள்ளி இருபத்தொரு வயது வரைதான். இருபத்தொன்று நிறைந்த மறுநாள் காலையில் குறைபாடெல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று துறையில் யாரோ முடிவு செய்திருக்கிறார்கள். அந்த அற்புதம் நடப்பதற்கு முன்பு 'மாற்றத் திட்டக் கூட்டம்' என்று ஒன்று நடக்கும். பள்ளிப் பிள்ளை எப்படிப் பெரியவராக மாறப் போகிறார் என்று ஆறு பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து எழுதுவார்கள். முதல் கூட்டத்தில் துறை அதிகாரி மகளிடம் கேட்டார்:

"இன்னும் அஞ்சு வருஷத்துல நீ எங்க இருப்பேம்மா?"

அவள் நன்றாக யோசித்தாள். "வீட்ல."

"அது இலக்கு இல்லம்மா. இலக்கு சொல்லணும்."

"நீங்க எங்க இருப்பீங்க?"

இரண்டு வருஷமாக இடமாற்ற உத்தரவுக்குக் காத்திருந்த மனிதர் அவர். பேனாவை மூடிவிட்டார். இலக்கு என்ற கட்டத்தில் 'விவாதிக்கப்பட்டது' என்று எழுதினார்கள்.

அந்த மேசையில் வேலை தெரிந்தவர் ஒருவர்தான். பள்ளியின் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட். எங்களுக்கு மேடம். குள்ளமான பெண். ஆண்கள் கட்டும் பெரிய கடிகாரம் கட்டியிருப்பார். பையில் தடித்த பிடி போட்ட கரண்டிகள், வழுக்காத ரப்பர் பாய், பட்டன் மாட்டும் கம்பி என்று ஒரு தட்டுமுட்டுக் கடையே இருக்கும். முதல் தடவை வீட்டுக்கு வந்தபோது என் அண்ணனும் அண்ணியும் இருந்தார்கள்.

"ஆக்குபேஷனல் தெரபின்னா? வேலை வாங்கித் தருவீங்களா?" என்றார் அண்ணன்.

"பல்லு தேய்க்கிறதும் வேலைதான் சார், பஸ் ஏறுறதும் வேலைதான். அன்னாட வேலையைத் தானா செய்ய வைக்கிறது எங்க படிப்பு."

"இதுக்கெல்லாம் ஒரு படிப்பா!"

"உங்க சட்டையை யார் சார் அயர்ன் பண்ணது?"

அண்ணன் அண்ணியைப் பார்த்தார். அண்ணி ஜன்னலைப் பார்த்தார். மேடம் அதற்கு மேல் கேட்கவில்லை. என் மனைவி அன்றே அவருக்கு அடிமையாகிவிட்டாள்.

பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைக்கூடத்தில் மகளுக்குத் துண்டு மடிக்கும் பயிற்சி வேலை பிடித்தவர் அவர்தான். ஒற்றைக் கையால் எப்படி மடிப்பது? ஒரு பலகை செய்துகொண்டு வந்தார். ஓரத்தில் துண்டின் முனையைப் பிடித்துக்கொள்ள ஒரு கவ்வி, நடுவில் ஒரு கீல். பலகையைப் புரட்டினால் துண்டு தானாக மடிந்துகொள்ளும். இரண்டு கையுள்ளவர்கள் மடித்தவற்றைப் பார்த்து "கோணல்" என்று மகள் சொல்ல ஆரம்பித்ததும், அவள் அங்கே நிலைத்துவிட்டாள் என்று எங்களுக்குப் புரிந்தது.

வேலைக்குத் தனியாகப் போய்ச் சேர வேண்டுமே. அதற்குத்தான் அட்டவணை. காலையில் கிளம்புவதை மேடம் பதினேழு படிகளாகப் பிரித்தார். எதிரே மூன்று கட்டங்கள்: 'தானாக', 'சொன்னால்', 'செய்துகொடுத்தால்'. கற்றுக்கொடுப்பதைப் பதினேழாவது படியிலிருந்து ஆரம்பித்தார்.

"தலைகீழா இருக்கே மேடம்?" என்றேன்.

"முதல்லேர்ந்து சொல்லிக் கொடுத்தா பாதியில புள்ளை சோர்ந்துடும், மீதியை அம்மா முடிச்சுடுவாங்க. முடிச்ச சந்தோஷமும் அம்மாவுக்கே போயிடும். பதினாறு வரைக்கும் அம்மா செய்யட்டும். கடைசி ஒண்ணை மட்டும் இவ செய்யட்டும். வேலையை முடிச்சது யாரு? இவதானே?"

பதினேழாவது படி, சலவைக்கூட வாசலில் இருக்கும் இயந்திரத்தில் அட்டையைத் தட்டுவது. அது 'பீப்' என்னும். ஒரு மாதம் என் மனைவி கூடவே போய் எல்லாம் செய்தாள். மகள் பீப் மட்டும் அடித்தாள். அடுத்த மாதம் மனைவி கேட்டிலேயே நின்றுகொண்டாள். பிறகு ஆஸ்பத்திரி பஸ் நிறுத்தத்தில். பிறகு பஸ்ஸிலேயே உட்கார்ந்து கையை ஆட்டினாள். பிறகு எங்கள் நிறுத்தத்தில் ஏற்றிவிட்டுத் திரும்பினாள். பிறகு தெருமுனை. பிறகு வாசல். இரண்டு வருஷத்தில், போரில் தோற்ற ராஜா மாதிரி ஒவ்வொரு இடமாக விட்டுக்கொடுத்துப் பின்வாங்கிச் சமையலறை ஸ்டூல் வரைக்கும் வந்து சேர்ந்திருந்தாள். அவ்வளவு கௌரவமாகத் தோற்றவர்களை நான் பார்த்ததில்லை.

மிச்சமிருந்தது முதல் படி மட்டும். 'நேரம் ஆனதை உணர்ந்து கிளம்பத் தொடங்குதல்.' கடிகாரம் வைத்துப் பார்த்தோம். அலாரம் அடித்தால் மகள் எழுந்து, அதை ஒழுங்காக நிறுத்திவிட்டு, திரும்பப் படுத்துக்கொள்வாள். நிறுத்துவதைத் தானாகவே செய்தாள். அதற்கு அட்டவணையில் இடமில்லை.

"இருக்கிறதுலேயே கஷ்டமான படி இதுதான்," என்றார் மேடம். "ஒரு வேலையைத் தொடங்குறது."

"மணி ஆச்சுன்னு சொல்ல காசா பணமா? நான் சொல்லிட்டுப் போறேன்," என்றாள் என் மனைவி. முதல் வரியில் 'சொன்னால்' கட்டத்தில் டிக் போட்டு, பக்கத்தில் 'சொல்பவர்: அம்மா' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாள். அட்டவணையின் ஒரு பிரதி சமையலறைச் சுவரில், ஒரு பிரதி துறைக் கோப்பில்.

துக்கத்துக்கு வந்தவர்களெல்லாம் போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர். தாயில்லாப் பெண்ணை நான் கவனித்துக்கொள்ள வேண்டாமா? கவனித்துக்கொண்டேன். காலையில் எழுப்பினேன். பல் தேய்த்துவிட்டேன். முட்டையை உரித்து வாயில் வைத்தேன். ஷூ மாட்டினேன். பையை நான் தூக்கிக்கொண்டேன். கையைப் பிடித்துக்கொண்டு தெருவைக் கடந்தேன். பஸ்ஸில் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். நாலாம் நாள் சலவைக்கூடத்துக்குள்ளும் போனேன். என் மனைவி இரண்டு வருஷமாகப் பின்வாங்கிய தூரத்தையெல்லாம் நான் பதினைந்தே நாளில் முன்னேறிப் பிடித்தேன். கடைசியில் பீப்பும் நானே அடித்தேன்.

அங்கே ஓரமாக ஸ்டூலில் உட்காரச் சொன்னார்கள். சும்மா எப்படி உட்காருவது? மகளின் குவியலிலிருந்து துண்டை எடுத்து மடித்தேன்.

"கோணல்," என்றாள் மகள்.

சலவைக்கூட சூப்பர்வைசர் வந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நல்ல மனுஷர். "சார், தப்பா நினைக்காதீங்க. உங்களுக்கும் இங்க வேலை வேணும்னா மனு போடுங்க. ஆனா இந்த மடிப்புக்கு எடுத்துக்க மாட்டாங்க." பிறகு குரலைத் தாழ்த்தினார். "பொண்ணு முன்னெல்லாம் தானா வந்தா. இப்ப அப்பா கொண்டுவந்து விடுற ஆளா ஆயிட்டா. கூட்டத்துல கேட்டா நான் உண்மையைத்தான் சொல்லணும்."

கடைசிக் கூட்டம் அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை. அங்கேதான் முடிவு செய்வார்கள், மகள் வீட்டிலிருந்து வேலைக்குப் போவதா, காப்பகத்துக்குப் போவதா என்று.

காப்பகம் அண்ணனின் யோசனை. வழவழப்பான ஒரு கையேடு கொண்டுவந்து விரித்தார். தோட்டத்தில் வரிசையாகச் சக்கர நாற்காலிகள். படத்தில் நாற்காலியில் இருந்தவர்களைவிடப் பூச்செடிகளின் முகம் தெளிவாக விழுந்திருந்தது.

"டேய், நான் சொல்றது உன் நல்லதுக்குத்தான். அவ அம்மா இருந்தவரைக்கும் பாத்துக்கிட்டா. உன்னால முடியுமா? உனக்கு வெந்நீர் வைக்கத் தெரியுமா?"

"தெரியும்."

"கேஸ் தீந்தா யாரைக் கூப்பிடணும்?"

அதுவரை எங்கள் வீட்டில் கேஸ் தீர்ந்ததே எனக்குத் தெரியாது.

அன்று மேடமும் வந்திருந்தார். அண்ணனுக்கு இரக்கமும் உண்டு, இல்லாமலில்லை. "போன்ல தங்கச்சி குரல் ஏதாவது இருக்குமே, அதை அலாரமா வெச்சா என்ன? தினமும் மணி ஆச்சுன்னு அவளே சொல்ற மாதிரி இருக்குமே," என்றார். என் மனைவியை அவர் தங்கச்சி என்றுதான் சொல்வார்.

"செத்தவங்களுக்கு ஓய்வு குடுங்க சார். இருந்தப்ப போதுமான தடவை சொல்லிட்டாங்க," என்றார் மேடம். பிறகு என் பக்கம் திரும்பினார். "திங்கள்கிழமையிலேர்ந்து நீங்க எதுவும் செய்யக்கூடாது."

"சரி மேடம். சொல்ல மட்டும் செய்யறேன்."

"சொல்லவும் கூடாது."

"அப்ப நான் என்ன செய்யறது?"

"அதான் சொன்னேனே. ஒண்ணும் செய்யாதீங்க. ஆபீஸ்ல செய்யற மாதிரியே."

மின் அலுவலகத்தில் புகார்களுக்குப் பதில் எழுதுவது என் வேலை. 'தங்கள் புகார் பரிசீலனையில் உள்ளது' என்று இருபத்தாறு வருஷமாக எழுதிவருகிறேன்.

"மூணு நாள் தொடர்ந்து வரலேன்னா பயிற்சி இடம் போயிடும் மேடம்," என்றேன்.

"தெரியும். நீங்க கொண்டுபோய் விட்டாலும் போயிடும்."

திங்கள்கிழமை. மகள் விழித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். சமையலறைப் பக்கம் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஏழரை, எட்டரை, ஒன்பதரை. நான் நாற்காலியில் என் இரண்டு உள்ளங்கைகள் மேலேயே உட்கார்ந்திருந்தேன். சும்மா இருப்பது இவ்வளவு பெரிய உழைப்பு என்று அலுவலகத்தில் எனக்குத் தோன்றியதே இல்லை. அவள் போகவில்லை.

செவ்வாய்க்கிழமை ஆறரைக்கே மேடம் வந்து, மூலையில் முக்காலி போட்டு, அட்டையில் காகிதத்தைக் கவ்வ வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். எதையோ எழுதிக்கொண்டே இருந்தார். நான் டீ போடப் போய்ச் சர்க்கரை டப்பா கிடைக்காமல் நாலு கதவைத் திறந்து மூடினேன். எழுதினார். மகள் கட்டிலிலிருந்தே, "மேல," என்றாள். மேலேதான் இருந்தது. அதையும் எழுதினார். துவைத்த சட்டை எங்கே என்று தேடினேன். எழுதினார். மகள் அன்றும் போகவில்லை.

"எப்படி மேடம்?" என்றேன், கிளம்பும்போது.

"ரொம்ப மோசம் சார்," என்று காகிதத்தை மடித்துப் பையில் வைத்தார்.

புதன்கிழமை. அன்றும் போகாவிட்டால் வேலை போச்சு. எனக்கும் முந்தின நாளோடு விடுப்பு முடிந்து, அன்று அலுவலகம் போக வேண்டும். நான் விழித்துக்கொண்டுதான் இருந்தேன். சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். மேடம் சொன்னதற்காக அல்ல. எழுந்திருக்க ஒரு காரணமும் தோன்றவில்லை. காப்பகம், கையேடு, பூச்செடி எல்லாம் வந்தால் வரட்டும் என்று இருந்தது. அந்தத் தோட்டத்தில் எனக்கும் ஒரு நாற்காலி போடுவார்களா என்றுகூட நினைத்தேன்.

பக்கத்து அறையில் கட்டில் சத்தம் கேட்டது. ஒரு காலை இழுத்து நடக்கும் சத்தம் சமையலறை வரை போனது. அங்கே நின்றது. வெகு நேரம் நின்றது. பிறகு என் பக்கம் வந்தது.

"மணி ஆச்சுடா," என்றாள் மகள்.

திரும்பினேன். கடுமையான முகத்தோடு நின்றுகொண்டிருந்தாள்.

"யாரைடி 'டா'ங்கற?"

"மணி ஆச்சு." இடது கையால் போர்வையை உருவிக் கீழே போட்டாள். "எழு."

"இன்னும் அஞ்சு நிமிஷம்மா," என்றேன். வாய்ப்பழக்கம்.

"மணி ஆச்சு!"

மூன்றாவது தடவைக்குத்தான் எழுந்தேன். நான் குளித்து வருவதற்குள் அவள் பல் தேய்த்து, பையை மாட்டி, ஷூவை ஒட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். அட்டையைத் தொட்டுப் பார்த்தாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"பட்டன் கோணல்," என்றாள். "குடை."

கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள். பின்னாலேயே ஓடக் கால் பரபரத்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எட்டே காலுக்கு சூப்பர்வைசர் போன் செய்தார். "சார், பொண்ணு வந்துட்டா. பீப் அடிச்சாச்சு. நீங்க வரலையே, ரொம்ப நன்றி."

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் அதிகாரி, தலைமையாசிரியை, சூப்பர்வைசர், மேடம், அண்ணன், நாங்கள். அதிகாரிக்கு இன்னும் இடமாற்றம் வந்திருக்கவில்லை. மேடம் எழுந்து, செவ்வாய்க்கிழமை எழுதிய காகிதத்தை எடுத்து ஒரே தொனியில் படித்தார்.

"வீட்டில் நேரில் பார்த்த குறிப்பு. இந்த நபர் நேரத்துக்குத் தானாக எழவில்லை. டீ தயாரித்தல், செய்துகொடுத்தால். சொந்த வீட்டில் சர்க்கரை இருக்கும் இடம் தெரியவில்லை. தன் உடைகள் இருக்கும் இடம் தெரியவில்லை. சட்டைப் பட்டன், இரண்டு தடவை தவறு. சாப்பிட நினைவூட்ட வேண்டியிருந்தது. அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்று கேட்டால் பதில் இல்லை."

மேசையைச் சுற்றி எல்லோரும் தலையை ஆட்டினார்கள். "நான்தான் முன்னாடியே சொன்னேனே," என்றார் அண்ணன். "இந்த நிலைமையில இருக்கிற ஆளை எப்படிங்க தனியா விடறது?"

"பாவம்," என்றார் தலைமையாசிரியை.

அதிகாரி படிவத்தை இழுத்து, "முழு நேரப் பராமரிப்பு," என்று சொல்லிக்கொண்டே எழுத ஆரம்பித்தார். "பேர் எப்படி எழுதணும்?"

மேடம் என்னைக் கை காட்டினார். "அவரையே கேளுங்க. இது அப்பாவோட குறிப்பு. பொண்ணோடது இன்னும் படிக்கல."

சூப்பர்வைசர் கர்ச்சீஃபால் வாயைப் பொத்திக்கொண்டார். ஒரு வரிகூடப் பொய்யில்லை.

"அப்பாக்குச் சார்ட் போடுங்க," என்றாள் மேஸ்திரி. அவளுக்கு அது வேடிக்கையாகப் படவில்லை.

பிறகு அவளுடைய குறிப்பைப் படித்தார். இரண்டு முதல் பதினேழு வரை 'தானாக'. புதன்கிழமை நடந்ததையும், அதற்குப் பிறகு இரண்டு நாளும் அப்படியே நடந்ததையும் நான் சொன்னேன். அண்ணன் கையேட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அதைப் பற்றி அதன் பிறகு அவர் பேசியதே இல்லை. வீட்டிலிருந்து வேலைக்குப் போகலாம், ஆறு மாதத்துக்கு ஒரு முறை பார்வையிடல் என்று அதிகாரி எழுதினார்.

"அப்ப முதல் வரியையும் 'தானாக'ன்னு மாத்திடலாமே?" என்றேன்.

அவர் கோப்பைப் புரட்டி அந்தக் கையெழுத்தைக் காட்டினார். "விதிப்படி, பதிவு பண்ணவங்கதான் சார் திருத்தணும். அவங்களை ஒரு தடவை வரச் சொல்லுங்க."

அவருக்கு மெதுவாகத்தான் உறைத்தது. உறைத்த பிறகும் விதி விதியாகவே இருந்தது.

துறைக்கு ஒரு கடிதம் எழுதினேன். இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. தங்கள் கடிதம் பரிசீலனையில் உள்ளது. நடையைப் பார்த்தால், எழுதியவர் அனுபவசாலி.

இதெல்லாம் நடந்து நாலு வருஷமாகிறது. மேடம் எனக்கும் ஓர் அட்டவணை போட்டுக் கொடுத்தார், கடைசிப் படியிலிருந்து. டீயில் நான் இப்போது மூன்றாவது படி வரை வந்திருக்கிறேன். மகள் வாரத்தில் ஆறு நாள் என்னை எழுப்பிவிட்டுத்தான் வேலைக்குப் போகிறாள். சுவரில் இருக்கும் பிரதியை யார் கேட்கப் போகிறார்கள், நீங்களே திருத்திக்கொள்ளுங்களேன் என்றார் சூப்பர்வைசர். ஒரு தடவை பேனாவை எடுத்துக்கொண்டு போனேன். மகள் பார்த்துக்கொண்டே நின்றாள். ஸ்டூலைத் துடைத்துவிட்டு வந்துவிட்டேன்.

முதல் வரியில் டிக் இன்னும் 'சொன்னால்' கட்டத்தில்தான் இருக்கிறது. சொல்பவர்: அம்மா.